டிரெசர் தாத்தா பதில்கள்: பட்டம் வாங்கும் நாளும் அதற்கப்புறம் வரும் செவ்வாய்க்கிழமையும்

இந்த மாதம் சர்க்கரை வியாதி, முட்டி வலிக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டேன். நல்லாயன் ஞாயிறு வந்து போனதன் விளைவு. பாஸ்கா காலத்து நாலாம் ஞாயிறு அது. அன்றைக்கு உலகம் முழுக்க இறை அழைத்தலுக்காக, அதாவது ஃபாதராகவும் துறவியாகவும் வர ஆட்களைக் கடவுள் அழைப்பதற்காக, மன்றாடும் வழக்கம் 1964-இல் தொடங்கியது. கோவிலில் பிரசங்கம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நான்கு பேர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஃபாதரிடம் கேட்க வேண்டியதை ஏன் தோட்டத்து கிளினிக்கில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவனிடம் கேட்கிறார்கள் என்று என் மனைவிக்கு ஒரே ஆச்சரியம். எனக்குக் காரணம் தெரியும். நான் ஃபாதர் ஆகப் படிக்கும் குருமடத்துக்குப் போய்த் திரும்பி வந்தவன்.

கேள்வி: தாத்தா, எனக்கு வயது 24. நிபோங் திபாலில் இருக்கிறேன். பாட்டி காலத்தில் தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடு), இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. பத்து காவானில் ஒரு ஃபேக்டரியில் டெக்னீஷியன் வேலை, 12 மணி நேர ஷிப்ட். அப்பா இறந்துவிட்டார். அம்மாவுக்குச் சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பணம் கொஞ்சம் வருகிறது, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். தங்கை பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். இரண்டு வருஷமாக ஃபாதர் ஆக வேண்டும் என்று ஒரு நினைப்பு விடாமல் வருகிறது. பூசையில் ஃபாதர் அப்பத்தை உயர்த்தும்போது நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. ஆனால் வேலையிடத்தில் ஒரு பெண்ணையும் பிடித்திருக்கிறது. அப்படியென்றால் எனக்கு அழைப்பு இல்லையா? தமிழ்ப் பூசை வைக்க ஃபாதர்கள் குறைவு, நீ போனால்தான் என்ன என்று கோவிலில் பெரியவர்கள் சொல்கிறார்கள். போய்விட்டுத் திரும்பி வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று பயமாகவும் இருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தம்பி, உன் கடிதத்தில் கேள்வி நாலைந்து இருந்தாலும் கடைசிக்கு முந்தின வரிதான் உன்னை உறங்க விடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். அதனால் என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1974-இல் எனக்கு 20 வயது. அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா புல்லு வெட்டுக்குப் போனார். நான் குருமடம் போகிறேன் என்றதும் தோட்டமே திரண்டுவிட்டது. லயத்து வாசலில் பந்தல், மாலை, மேளம். இந்துக் குடும்பங்களும் சேர்ந்து பணம் வசூலித்து 212 வெள்ளி கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று உன் பாட்டியைக் கேள். தகர டிரங்குப் பெட்டியில் என் பெயரைப் பெயின்டில் எழுதிக் கொடுத்தவர் ஆலயத்துக்கு வராத ஒரு கடைக்காரர். தோட்டத்து லோரியில் பட்டர்வொர்த் வரை வந்து, ஃபெரி ஏற்றி அனுப்பினார்கள். பாலம் வருவதற்கு முந்தின காலம்.

பினாங்கு கல்லூரி என்ற அந்தக் குருமடம் அப்போது புலாவ் திக்குஸில் கடல் ஓரமாக இருந்தது. 1984-இல்தான் தஞ்சோங் பூங்காவுக்கு மாறியது. (ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் கல்லூரியை பாரிஸ் மிஷன் சாமியார்கள் 1665-இல் சியாமில் (இன்றைய தாய்லாந்து), அயுத்தயாவில் தொடங்கினார்கள். சண்டைகளுக்குத் தப்பி ஓடி, நடுவில் பன்னிரண்டு வருஷம் பாண்டிச்சேரிப் பக்கம் வீராம்பட்டினத்தில் இருந்து, 1808-இல் பினாங்கில் மறுபடி தொடங்கியது. நம் ஊர்க் குருமடத்துக்குத் தமிழ்க் கடற்கரையில் ஓர் ஒண்டுக்குடித்தன வரலாறு உண்டு என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம்.)

அங்கே ஒன்றரை வருஷம் இருந்தேன். படிப்பு வந்தது, ஜெபம் வந்தது, சாப்பாடும் பிடித்தது. ஒருநாள் ஆன்மிக வழிகாட்டியாக இருந்த ஃபாதர் கேட்டார்: "நீ ஃபாதர் ஆனதா நினைச்சுப் பாக்குறப்ப என்ன தெரியுது?" நான் உற்சாகமாகச் சொன்னேன். குருப்பட்டம், தரையில் குப்புறக் கிடக்கிறேன், புனிதர்கள் பிரார்த்தனை பாடுகிறார்கள், ஆயர் (பிஷப்) என் தலையில் கை வைக்கிறார், அம்மா முன்வரிசையில் அழுகிறார், தோட்டத்தில் முதல் பூசை, மறுபடியும் அதே பந்தல். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அதுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. நான் அந்தச் செவ்வாய்க்கிழமையை ஒருதடவைகூட நினைத்ததில்லை.

இப்போது நீ நினைத்துப் பார். காலை ஆறரைப் பூசைக்கு ஏழு பேர். பிரசங்கத்தின்போது அதில் ஒருவருக்குத் தூக்கம். எட்டு மணிக்குக் கோவில் கழிவறை அடைப்பெடுக்க ஆள் வருகிறான், கூலிக்குப் பேரம் பேசியாக வேண்டும். பத்து மணிக்குப் புருஷன் பெண்டாட்டி சண்டை, இரண்டு பக்கமும் உன்னைத்தான் திட்டும். மத்தியானம் ஆஸ்பத்திரியில் நினைவில்லாத ஒரு கிழவருக்கு நோயில் பூசுதல். சாயங்காலம் சபா, சரவாக்கிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு மலாயில் ஜெபக்கூட்டம், உன் மலாய்க்கு அவர்கள் சிரிப்பார்கள். இரவு ஒன்பதரைக்கு பொட்டலமாக வாங்கிய மீ கோரெங்கைத் தனியாகப் பிரித்து வைத்துச் சாப்பிடுகிறாய். அன்றைக்கு நடந்ததைச் சொல்ல எதிரில் யாரும் இல்லை. இதை ஒரு வாரம் நினைத்துப் பார். பயம் வரும், வரட்டும். பயத்துக்கு அடியில், அந்த ஏழு பேருக்காக ஆறு மணிக்கு எழுந்திருக்க உனக்கு ஆசை இருக்கிறதா? இருந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. பந்தல் மட்டும்தான் தெரிகிறது என்றால், நான் எங்கே நின்றேனோ அங்கேதான் நீயும் நிற்கிறாய்.

இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் கதை உனக்குத் தெரிந்திருக்கும். 1521-இல் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். படிக்க வீரக்கதை கேட்டார், வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறும். படுத்தபடி இரண்டு வகைக் கனவு கண்டார். போர்வீரனாக ஒரு சீமாட்டியைக் கவர்வது ஒன்று, புனிதர்களைப் போல வாழ்வது இன்னொன்று. கனவு காணும்போது இரண்டுமே இனித்தன. பிறகுதான் வித்தியாசம். முதல் கனவு கலைந்ததும் மனம் வறண்டுபோனது, இரண்டாவது கலைந்த பிறகும் நிறைவு தங்கியது. அழைத்தலைத் தெரிந்து தெளிவது பற்றித் திருச்சபையில் இன்றைக்கும் சொல்லித் தருவதில் பெரிய பங்கு அந்தப் படுக்கையில் ஆரம்பித்ததுதான். அதனால் அப்பத்தை உயர்த்தும்போது நெஞ்சு அடைக்கிறது என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் புதன்கிழமை ஷிப்டில் மெஷின் நின்றுபோய் சூப்பர்வைசர் கத்தும்போது அதில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார். ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு இரண்டு வரி எழுதி வை. ஆறு மாதம் கழித்துப் படித்தால் உனக்கே விளங்கும்.

இஞ்ஞாசியார் சொன்ன இன்னொன்றையும் பிடித்துக்கொள். மனம் இருண்டு கிடக்கும் வேளையில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்றார். நான் டிரெசராகச் சேர்த்துச் சொல்வது: 12 மணி நேர நைட் ஷிப்ட் முடிந்த காலையில் வாழ்க்கை முடிவு எதையும் எடுக்காதே. முதலில் தூங்கு.

அந்தப் பெண் விஷயம். பெண்ணைப் பிடித்திருப்பது அழைப்பு இல்லை என்பதற்கு அடையாளமே கிடையாது. கல்யாணமே பிடிக்காமல், பெண்களைக் கண்டால் நடுங்கி ஓடி வருகிறவனைத்தான் குருமடத்தில் யோசனையோடு பார்ப்பார்கள். நல்ல அப்பாவாக இருக்கக்கூடியவன்தான் நல்ல ஃபாதராகவும் இருப்பான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு நீ இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றால், சொல்லாமலே தினமும் கேன்டீனில் கோப்பி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காதே. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நீ நிற்பது உன் பாடு. அவளையும் சேற்றில் நிற்க வைப்பது நியாயமில்லை.

தமிழ் ஃபாதர்கள் குறைவு என்று பெரியவர்கள் சொல்வது அக்கறையில்தான். ஆனால் ஆள் பற்றாக்குறை என்பது ஃபேக்டரிக்கு ஆள் எடுக்கும் காரணம். அதற்காக நீ போனால், ஐந்து வருஷம் கழித்து உன்னைத் தமிழ்ப் பூசையே இல்லாத பங்குக்கு மாற்றும்போது உனக்குக் காரணமும் போய்விடும். மறைமாவட்டக் குரு ஆயருக்குக் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுக்கிறவர். எங்கே அனுப்பினாலும் போக வேண்டும். இங்கிலீஷும் மலாயும் இல்லாமல் நம் நாட்டில் காலம் தள்ள முடியாது, அதை இப்போதே தொடங்கு.

அம்மாவைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். நான் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கடவுளுக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்று கேட்டதும், அம்மாவையும் அப்படியே விட்டுவிட வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். பெரிய இறையியல் அறிஞரான புனித தோமா அக்குவினார் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பெற்றோருக்குப் பிள்ளையைத் தவிர வேறு வழியில்லாத அளவுக்குக் கஷ்டம் இருந்தால், அவர்களைப் பார்க்கிற கடமையைத் தட்டிவிட்டுப் பிள்ளை துறவறம் போகக்கூடாது என்பது அவர் முடிவு. உன் வீட்டில் அந்த அளவு கஷ்டமா, அல்லது தங்கை படிப்பு முடித்து வேலைக்குப் போகும் இரண்டு வருஷத்துக்கு மட்டும்தானா? நோட்டை எடுத்துக் கணக்குப் போடு. மோட்டார் கடன் இருந்தால் கட்டி முடி. துறவற சபைகளில் சேர்வதாக இருந்தால், அடைக்க முடியாத கடனோடு வருகிறவரைச் சேர்க்கக்கூடாது என்று திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. இரண்டு வருஷம் பொறுத்தால் அழைப்பு ஆவியாகிப் போய்விடாது. சுங்கை பட்டாணியில் 1932-இல் பிறந்த அந்தோணி சோட்டர் பெர்னாண்டஸ் ஆண்டகை 1966-இல்தான் குருப்பட்டம் பெற்றார், 34 வயதில். 2016-இல் நம் நாட்டின் முதல் கர்தினால் ஆனவர் அவர். இன்றைய கோலாலம்பூர் பேராயர் 1964-இல் பிறந்து 2002-இல் குருவானவர்.

சரி, இனி உன் பயத்துக்கு வருகிறேன். குருமடத்துக்குப் போவது என்பது சத்தியம் செய்து கொடுப்பது இல்லை. அது உள்ளே போய்ப் பார்ப்பது. முதலில் குறைந்தது ஒரு வருஷம் ஆயத்தக் காலம். பிறகு தத்துவம் இரண்டு வருஷம், இறையியல் நாலு வருஷம், பங்குகளில் பயிற்சி. எல்லாம் சேர்த்து எட்டு வருஷம் போல் ஆகும். மணமாகாமல் வாழ்வேன் என்ற வாக்கும் கீழ்ப்படிதல் வாக்கும் கடைசியில், திருத்தொண்டராக (குருவுக்கு முந்தின படி) பட்டம் பெறும்போதுதான் வரும். அதற்கும் குருப்பட்டத்துக்கும் நடுவில் குறைந்தது ஆறு மாதம். குருப்பட்டத்துக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். இவ்வளவு வருஷம் வைத்ததே, நீ திருச்சபையைப் பார்க்கவும் திருச்சபை உன்னைப் பார்க்கவும்தான்.

இந்த இரண்டாவதை நம் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். அழைப்பு உன் நெஞ்சுக்குள் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. பைபிளில் சாமுவேல் கதையைப் படி. ராத்திரி பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டு மூன்று தடவை ஓடியது கோவில் குருவான கிழவர் ஏலியிடம். கூப்பிடுவது யார் என்று பையனுக்குத் தெரியவில்லை, கண் மங்கிய ஏலிக்குத்தான் விளங்கியது. குருப்பட்டச் சடங்கிலும் அப்படித்தான். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், நீ எழுந்து வந்து நிற்பாய். உடனே ஆயர், இவர் தகுதியானவர் என்று உமக்குத் தெரியுமா என்று பொறுப்பாளரைக் கேட்பார். மக்களிடம் விசாரித்த பிறகு சொல்கிறேன் என்றுதான் அவர் பதில் தொடங்கும். விசாரிக்கப்படுகிற மக்களில் உன் பக்கத்து வீட்டு ஆச்சியும் உண்டு.

அதனால் உனக்கும் ஓர் ஏலி வேண்டும். மாதம் ஒருமுறை மனம் விட்டுப் பேச ஒரு ஃபாதரைப் பிடி. உன்னைப் புகழாதவராகப் பார்த்துப் பிடி. அவரே உன்னை அழைத்தலுக்குப் பொறுப்பான ஃபாதரிடம் அனுப்புவார், இரண்டு மூன்று நாள் தங்கிப் பார்க்கும் கூட்டங்களுக்கும் சொல்வார். வேலையை இப்போது விடாதே. அம்மாவிடம் சொல். ஊரிடம் சொல்லாதே. பந்தல் போட விடவே விடாதே.

நான் திரும்பி வந்த நாளைச் சொல்கிறேன். யாரும் என்னைத் துரத்தவில்லை. வார இறுதிகளில் முதியோர் இல்லத்துக்கு அனுப்புவார்கள். அங்கே புண்ணைக் கழுவிக் கட்டுப் போடும்போது இருந்த நிம்மதி எனக்கு வேறெங்கும் வரவில்லை. செவ்வாய்க்கிழமைக் கேள்விக்கு என் பதில் அந்தக் கட்டுத் துணியில்தான் இருந்தது. ஃபாதரும் நானும் பேசி முடிவெடுத்தோம். ஆனால் பஸ்ஸில் வரும்போது அந்த 212 வெள்ளி மனதில் கனத்தது. ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, இருட்டும் வரை செம்பனைக் காட்டு ஓரம் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். பிறகு பின்பக்கமாக லயத்துக்குள் நுழைந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "சோறு போடவா?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை அதைப் பற்றிக் கேட்டதே இல்லை.

ஊர் கேட்டது. "ஓடி வந்த சாமி" என்று இரண்டு வருஷம் பட்டப்பெயர் இருந்தது. கோவிலில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பிறகு ஒரு ராத்திரி அந்தப் பட்டப்பெயர் வைத்தவரின் பையனைப் பாம்பு கடித்துத் தூக்கி வந்தார்கள். கால் அசையாமல் கட்டி, ஜீப்பில் ஏற்றி, ஆஸ்பத்திரி வரை கூடவே போனேன். பையன் பிழைத்தான். மறுநாளிலிருந்து நான் "டிரெசர் ஐயா".

கேள்வி: ஐயா, என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது வலிப்பு வந்து பிழைப்பானா என்றிருந்தது. புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோவிலில், பிள்ளை பிழைத்தால் உமக்கே சாமியாராகத் தருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். இப்போது அவனுக்கு 17. எனக்கு அதில் விருப்பமே இல்லைம்மா, மெக்கானிக் படிக்கப் போகிறேன் என்கிறான். ஒரே ஆண்பிள்ளை. நேர்ச்சையை மீறினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று இரவில் தூக்கமில்லை. அவன் பிடிவாதமாக மறுக்கிறான்.

பதில்: தங்கச்சி, இதைப் படித்த உடனே உங்களுக்குத் தூக்கம் வர வேண்டும் என்பதால் முடிவை முன்னால் சொல்கிறேன். நேர்ச்சை, நேர்ந்துகொண்டவரை மட்டும்தான் கட்டும். இது என் சொந்தச் சமாதானம் இல்லை, திருச்சபைச் சட்டம் 1193 சொல்வது. நீங்கள் உங்களை நேர்ந்துகொள்ளலாம், உங்கள் பணத்தை, உங்கள் நடையை, உங்கள் நோன்பை நேர்ந்துகொள்ளலாம். இன்னொருவர் வாழ்க்கையை, அது நீங்கள் பெற்ற வாழ்க்கையாக இருந்தாலும், நேர்ந்துகொடுக்க முடியாது.

அதுமட்டுமில்லை. ஒருவரை எந்த விதத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் கட்டாயப்படுத்திக் குருப்பட்டத்துக்கு அனுப்பக்கூடாது என்று அதே சட்டத்தின் 1026-ஆம் எண் அழுத்திச் சொல்கிறது. உங்கள் கண்ணீரும் ஒரு கட்டாயம்தான். பையனிடம் கோபத்தைவிட அதுதான் பலமாக வேலை செய்யும், அது உங்களுக்கும் தெரியும்.

அன்னா தன் மகன் சாமுவேலைக் கோவிலில் கொண்டுபோய் விட்டாளே என்று கேட்பீர்கள். விட்டாள். ஆனால் அதற்குப் பிறகும் ஒரு ராத்திரி கடவுள் அந்தப் பையனையே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது. அம்மா செய்த காரியத்தோடு முடிந்துவிட்டது என்று அவர் விட்டுவிடவில்லை.

மனதில் பாரம் இருந்தால் உங்கள் பங்குத்தந்தையிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து தக்க காரணத்துக்காக விடுவிக்கும் அதிகாரம் பங்குத்தந்தைக்கே உண்டு. அல்லது அதற்குச் சமமான, அல்லது அதைவிட நல்ல ஒன்றாக நீங்களே மாற்றிக்கொள்ளலாம், சட்டம் அதற்கும் இடம் கொடுக்கிறது. ஜூலை 26 திருநாளுக்கு எப்படியும் மெர்தாஜாம் போவீர்கள். இந்தத் தடவை மகனையும் கூட்டிப் போய், இவன் பிழைத்ததற்கு நன்றி என்று ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வாருங்கள். மெழுகுவர்த்தியை அவன் கையில் கொடுத்து உபதேசம் ஆரம்பிக்காதீர்கள்.

இன்னொன்று, இது டிரெசராகக் கேட்கிறேன். வலிப்பு பிறகு எப்போதாவது வந்ததா? வந்திருந்தால் மெக்கானிக் வேலை, மோட்டார் லைசென்ஸ் இரண்டுக்கும் முன்னால் டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையில் காய்ச்சலோடு வந்த வலிப்புதான், பிறகு வரவேயில்லை என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது.

கேள்வி: எனக்கு 41 வயது. சுங்கை பாக்காப்பில் லோரி ஓட்டுகிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகள். கல்யாணமானவர்களும் திருத்தொண்டர் ஆகலாமாமே, உண்மையா?

பதில்: உண்மை. நிரந்தரத் திருத்தொண்டர் என்பார்கள். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் அதை மீண்டும் திறந்துவிட்டது. கல்யாணமானவருக்குக் குறைந்தது 35 வயது, மனைவியின் சம்மதம், மூன்று வருஷப் பயிற்சி வேண்டும். ஞானஸ்நானம் கொடுக்கலாம், பிரசங்கம் வைக்கலாம், கல்யாணம் நடத்தலாம், அடக்கச் சடங்கு செய்யலாம். பூசை வைக்கவோ பாவசங்கீர்த்தனம் கேட்கவோ முடியாது. பட்டம் வாங்கிய பிறகு மனைவி இறந்தால் மறுமணம் செய்ய முடியாது, அதையும் இப்போதே இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள். எந்த மறைமாவட்டத்தில் ஆள் எடுப்பது என்பது ஆயரின் முடிவு, அதனால் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். அதற்கு முன் வீட்டில் கேளுங்கள். கடிதத்தில் "மனைவி" என்று ஒரு சொல்தான் இருக்கிறது, அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. வாரத்தில் ஐந்து நாள் லோரியில் இருக்கிறவர் மீதி இரண்டு நாளும் கோவிலில் இருந்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

கேள்வி: தாத்தா, நான் ஃபாரம் டூ. பீடச்சிறுவன். ஃபாதர் ஆகணும்னு ஆசை. ஆனா கணக்குல 32 மார்க். லத்தீன் எல்லாம் படிக்கணுமா? அப்புறம், தூபம் போடும்போது எனக்குத் தும்மல் வந்துடுது. போன வாரம் அப்பம் உயர்த்துற நேரத்துல தும்மிட்டேன். எல்லாரும் பார்த்தாங்க.

பதில்: ராசா, கணக்கில் 32 வாங்கினவர்களைக் குருமடம் திருப்பி அனுப்புவதில்லை, ஆனால் 32-ஐ 50 ஆக்குவது உன் கையில் இருக்கிறது. கோவில் கணக்கையும் ஒருநாள் நீதான் பார்க்க வேண்டியிருக்கும். பிரான்ஸில் ஜான் மரிய வியான்னி என்று ஒருவர் இருந்தார். லத்தீன் மண்டையில் ஏறவே இல்லை, பரீட்சையில் திணறினார். 1815-இல் ஒருவழியாகப் பட்டம் கொடுத்து, 1818-இல் இருநூற்றுச் சொச்சம் பேர் இருந்த ஆர்ஸ் என்ற குக்கிராமத்துக்கு அனுப்பினார்கள். அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய பிரான்ஸ் முழுக்க இருந்து ஜனம் வந்து வரிசையில் நின்றது. பங்குத்தந்தையர்களுக்குப் பாதுகாவலர் இப்போது அவர்தான். இப்போதைக்கு நீ ஸ்கூல் பாடத்தைப் படி, பந்து விளையாடு, ஞாயிற்றுக்கிழமை நேரத்துக்கு வந்து நில்.

தும்மலுக்கு மருந்து வேண்டாம். கரி நன்றாகச் சிவந்து கனலும் முன்பே சாம்பிராணியைப் போடுகிறீர்கள், அதனால்தான் அந்தக் காரப்புகை. பூசைக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே கரியைப் பற்ற வை, மேலே சாம்பல் படியும்வரை பொறு, பிறகு கால் தேக்கரண்டி போதும். மின்விசிறி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, காற்று உன் முதுகுப் பக்கம் இருந்து வரும்படி நில். தும்மலோடு மூச்சிரைப்பும் வந்தால் அம்மாவிடம் சொல்லி கிளினிக்குக்குப் போ, அதுவரை தூபக்கலசத்தை உன் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு நீ மணியைப் பிடித்துக்கொள்.